தறியில் நோகும் கட்டைவிரல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச் சேலை உருவாகும் வழி நெடுக கட்டைவிரல் உழைக்கிறது. சாயத்தில் முக்கியெடுத்த பட்டுச் சிட்டத்தை (நூல் கற்றையை) முறுக்கிப் பிழிய வேண்டும். ராட்டையில் தார் சுற்றும்போது, ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இழையைத் தளரவிடாமல் பிடித்து நடத்த வேண்டும். பழைய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) முடிந்ததும், அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து விரலால் உருட்டிப் பிணைக்க வேண்டும். ஒரு பாவில் இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். அதன் பிறகுதான் நெசவாளர் தறிக்குழியில் கால் இறக்கி, ஊடை என்னும் குறுக்கு இழையைக் கொண்டு செல்லும் நாடாவைக் கையில் எடுக்கிறார்.

இந்த வேலைகளில் எதுவும் பளு தூக்கும் வேலை அல்ல. ஒரே அசைவு, ஒரே விரல், ஆயிரம் முறை. அதனால்தான் வலி தொடங்கும்போது யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாகச் சுருக்கென்று ஒரு வலி. சில வாரங்களில், குடத்தைத் தூக்கினால் வலி, ஈரத்துணியைப் பிழிந்தால் வலி, பிள்ளையை அள்ளினால் வலி, சாவியைத் திருப்பினால் வலி. "நரம்பு பிசகிவிட்டது" என்று யாரோ சொல்ல, தைலம் தடவி அழுத்தி நீவி விடுகிறார்கள். மறுநாள் வீக்கம் கூடுகிறது.

பிசகியது நரம்பு அல்ல. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் ஓடும் உறைதான் தடித்துவிட்டது. மருத்துவத்தில் இதற்கு தெ கெர்வேன் நோய் என்று பெயர். பெரும்பாலோருக்கு இது கத்தி படாமலே குணமாகக்கூடியது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும், வலியைக் கொண்டுவந்த அசைவை மாற்ற வேண்டும். வேலையை விட முடியாத நெசவாளருக்கு இந்த இரண்டாவது நிபந்தனையே கடினமானது. உண்மையான மருத்துவமும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு தசைநாண்கள், ஒரு குறுகிய வழி

முழங்கைக்குக் கீழே இருக்கும் தசைகள், தசைநாண் என்னும் உறுதியான வடங்களாக மாறி விரல்கள் வரை நீளுகின்றன. தசை சுருங்கினால் வடம் இழுபடும், விரல் அசையும். புறங்கைப் பக்கம் மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் இந்த வடங்கள் ஆறு அறைகளுக்குள் பிரிந்து ஓடுகின்றன. எலும்பு தரையாகவும், குறுக்கே ஓடும் உறுதியான பட்டை ஒன்று கூரையாகவும் அமைந்த அறைகள் இவை. பட்டை இல்லாவிட்டால், விரலை நீட்டும்போதெல்லாம் வடங்கள் தோலைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடும்.

முதல் அறை கட்டைவிரல் பக்கத்தில், ஆரை எலும்பின் நுனி மேடு தட்டுப்படும் இடத்தில் இருக்கிறது. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து விலக்கும் தசையின் வடமும், அதை நீட்டும் குட்டைத் தசையின் வடமும் இதற்குள் சேர்ந்து ஓடுகின்றன. கட்டைவிரலை விரித்தபடியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால், இந்த வடங்கள் எலும்பு மேட்டின் மேல் வளைந்து உராய்கின்றன. இந்த அசைவு ஓயாமல் நடந்தால் உறை தடிக்கிறது. சுருக்குப்பையின் வாய்த் தையல் தடித்துப்போனால் கயிறு எப்படி இழுக்க வராதோ, அப்படித்தான் இங்கும். கயிற்றில் குறையில்லை, அது ஓடும் வழி குறுகிவிட்டது.

இதை 'அழற்சி' என்று சொல்வது வழக்கம். ஆனால் அறுவை சிகிச்சையில் எடுத்த உறைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், அழற்சிக்குரிய அணுக்களைவிட, சிதைந்து கொழகொழப்பான பொருள் சேர்ந்து தடித்த திசுவையே அதிகம் கண்டார்கள். இந்த வேறுபாடு நோயாளிக்கும் முக்கியம். நாள்பட உராய்ந்து தடித்த திசுவை நாலு வலி மாத்திரை கரைத்துவிடாது. அழுத்தி நீவினால் உராய்வுதான் கூடும்.

கடிகார நகரத்து மருத்துவர்

நோய்க்குப் பெயர் தந்த ஃபிரிட்ஸ் தெ கெர்வேன் (1868–1940) சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர். கழுத்துக்கழலையைத் தடுக்க அயோடின் கலந்த உப்பு வேண்டும் என்று தம் நாட்டில் வாதாடியவர்களில் ஒருவர். கடிகாரத் தொழிலுக்குப் பெயர்போன லா ஷோ தெ ஃபோன் நகரில் பணியாற்றியபோது, 1895-இல், ஒரே மாதிரி கட்டைவிரல் வலியோடு வந்த ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பே, 1893-இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூல் பதிப்பில், துணி துவைக்கும் பெண்களுக்கு வரும் சுளுக்கு என்று இதைப் பற்றிய குறிப்பு உண்டு. துணி பிழியும் கையும் சாயச் சிட்டம் பிழியும் கையும் செய்வது ஒரே அசைவுதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம் வருகிறது. முப்பது முதல் ஐம்பது வயது வரை உள்ளவர்களும், பிள்ளை பெற்ற சில வாரங்களில் இருக்கும் தாய்மாரும் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசைநாண் உறைகள் தடிக்கும் வாய்ப்பு பொதுவாகவே அதிகம். 2019–20-இல் நடந்த நான்காவது தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். காஞ்சிபுரத்திலும் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, தறியில் பக்கத்தில் அமர்ந்து உதவுவது என்று விரல் நோகும் வேலைகளில் பல பெண்களின் கையில்தான் இருக்கின்றன. தறியை விட்டு எழுந்ததும் அதே கை அடுப்படிக்கும் துணி துவைக்கவும் போகிறது. ஆகவே தறியில் பட்ட உளைச்சல் வீட்டில் ஆறுவதில்லை, தொடர்கிறது.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பான கோர்வை நெசவும் கைக்கு அதிக வேலை வைக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு கரைக்குரிய நாடாவைக் கவனிக்கப் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்வது வழக்கம். விசைத்தறியின் வேகம் இதில் செல்லாது. ஒவ்வொரு இழையிலும் விரல் தலையிட வேண்டும். சேலைக்கு உறுதியைத் தருவதும் விரலுக்கு வலியைத் தருவதும் அந்தத் தலையீடுதான்.

இதுதானா என்று அறிவது எப்படி

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் எலும்பு மேட்டில் வலி பளிச்சென்று வெட்டினால் சந்தேகம் வலுக்கிறது. வலி வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். விசையோடு செய்யக் கூடாது. நலமான கையிலும் இப்படிச் சாய்த்தால் லேசாக இழுக்கும் என்பதால், இரண்டு கைகளையும் ஒப்பிட வேண்டும். அந்த மேட்டை விரலால் அழுத்தினால் வலிப்பதும், சிறு வீக்கம் தெரிவதும் கூடுதல் அடையாளங்கள். அனுபவமுள்ள மருத்துவர் கையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது.

ஒத்த வலிகளைப் பிரித்தறிவது அவசியம். வலி கட்டைவிரலின் அடி மூட்டில் இருந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். இரவில் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போனால், உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு டக்கென்று விடுபட்டால், அது வேறொரு உறையின் தடிப்பு. கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடிக்குழியில் வலித்தால் எலும்பு முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோடு கை சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் மருந்து: பட்டையும் ஓய்வும்

சிகிச்சையின் முதல் படி, கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் தாங்கும் பட்டை (ஸ்பிளிண்ட்). மருந்துக் கடையில் "மணிக்கட்டு பெல்ட்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கட்டைவிரலை வெளியே விட்டுவிடும். இந்த நோய்க்கு அதனால் அதிகப் பயன் இல்லை. கட்டைவிரலின் அடிப்பகுதியைச் சுற்றிப் பிடித்து, நுனி மூட்டை மட்டும் மடக்க விடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று முதல் ஆறு வாரம் அணிவது வழக்கம். நாள் முழுதும் அணிந்தவர்களையும், வலி உள்ளபோது மட்டும் அணிந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தறியில் இருக்கும்போது அணிய முடியாதவர்கள், இரவிலும் வீட்டு வேலையின்போதும் அணியலாம் என்ற தைரியத்தை அது தருகிறது.

வேலை முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். நேராகத் தோலில் வைக்கக் கூடாது; தோல் வெந்துவிடும். வலியைக் குறைக்கும் டைக்லோஃபெனாக் போன்ற களிம்பைப் பூசலாம். அதே மருந்தின் மாத்திரையை மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மாதக்கணக்கில் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு தறியில் உட்காருவது மிகவும் கெட்ட வழி. வலி மறைகிறது, உராய்வு தொடர்கிறது, சிறுநீரகமும் சேர்ந்து கெடுகிறது.

ஊசி: எப்போது, எப்படி

பட்டை போட்டும் சில வாரங்களில் குறையாவிட்டால், அல்லது வலி தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தால், அடுத்த படி உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. அறுவை இல்லாத சிகிச்சைகளில் இதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டோர் ஒன்றிரண்டு ஊசிகளிலேயே தேறுகிறார்கள். 2002-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கருவுற்றிருந்த அல்லது பாலூட்டிய 18 பெண்களில் ஒன்பது பேருக்கு ஊசியும் ஒன்பது பேருக்குப் பட்டையும் தரப்பட்டன. ஊசி போட்ட ஒன்பது பேருக்கும் வலி முழுமையாக நீங்கியது. பட்டை மட்டும் அணிந்தவர்களில் ஒருவருக்கும் அப்படி நீங்கவில்லை. எண்ணிக்கை குறைவுதான் என்றாலும் வேறுபாடு பெரிது. இளந்தாய்மாருக்குப் பாலூட்டும் காலம் முடிந்த பிறகு இந்த வலி தானாகவே அடங்குவதும் உண்டு. ஆகவே அவர்கள் பொறுத்திருக்கவும் செய்யலாம், ஊசியும் போட்டுக்கொள்ளலாம். மருத்துவரோடு பேசி முடிவு செய்வது நல்லது.

ஊசி எல்லோருக்கும் வேலை செய்யாததற்கு உடலமைப்பும் ஒரு காரணம். சிலருக்கு அந்த முதல் அறைக்குள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது. இரண்டு வடங்களும் தனித்தனி வழியில் ஓட, மருந்து ஒரு வழிக்குள் மட்டும் போய்விடுகிறது. அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி ஊசி போட்டால் இரண்டு வழிகளுக்கும் மருந்தைச் சேர்க்க முடியும்.

பக்க விளைவுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், மெலியலாம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு இது கண்ணில் படும். பல மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டே இருப்பது தசைநாணை நலிவாக்கும் என்பதால், ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுவார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே அஞ்ச வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர், சரியான இடத்தில், அளவோடு போடும் ஊசி வேறு. மருத்துவரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு.

மூன்று முதல் ஆறு மாதம் இவற்றையெல்லாம் முறையாகச் செய்தும் வலி நீங்காதவர்களுக்குத்தான் அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு, உறையின் கூரையைத் திறந்துவிடும் சிறிய சிகிச்சை அது. பெரும்பாலோருக்கு அந்த இடம் வரை போக வேண்டிய தேவையே இருப்பதில்லை.

வலி தணிந்த பிறகு

வலி அடங்கியதும் பட்டையைக் கழற்றிவிட்டு நேராகத் தறிக்குப் போனால் நோய் திரும்பி வரும். வாரக்கணக்கில் அசையாதிருந்த தசைகள் வலுவிழந்திருக்கும். இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகள் எளியவை. கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது. மணிக்கட்டை மேலும் கீழும் மெதுவாக அசைப்பது. சில நாள் கழித்து, விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி மெல்ல விரித்து மெல்ல மூடுவது. பத்துப் பத்தாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். வலி கூடினால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

இதற்கு இயன்முறை மருத்துவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவமும் இயன்முறை மருத்துவமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்று. நெசவாளர் வீடுகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

தறிக்கும் சிகிச்சை வேண்டும்

கையைக் குணமாக்கி அதே அசைவுக்குத் திருப்பி அனுப்பினால் பயனில்லை. எந்த நிலை வலியைக் கொடுக்கிறது என்று ஏற்கெனவே பார்த்தோம்: கட்டைவிரல் விரிந்திருக்க, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்வது. இந்த இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்வதே விதி. வேலைக்கு வேலை அதை இப்படிப் பின்பற்றலாம்.

தறியில் நாடாவைக் கட்டைவிரலால் மட்டும் உந்தாமல், மணிக்கட்டு நேராக இருக்க, முழங்கையிலிருந்து தள்ளப் பழக வேண்டும். சிராய்ப்பு விழுந்த நாடா இழையில் சிக்கும், அதைத் தள்ள விரலுக்குக் கூடுதல் விசை வேண்டும். தேய்த்து வழவழப்பாக்கி வைத்தால் விரல் மிச்சம். ஊடையை அடித்து இறுக்கும் பலகையை இழுக்கும் இடத்தில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. பாவு பிணைப்பவரும் தார் சுற்றுபவரும் அரை மணிக்கு ஒரு முறை கையை விட்டுவிட்டு, விரல்களைத் தளர்த்தி, இயன்றால் கை மாற்றிச் செய்ய வேண்டும். சாயச் சிட்டத்தைக் கைக்குக் கை முறுக்குவதற்குப் பதில், ஒரு முனையைக் கம்பில் மாட்டி, மறு முனையில் கோலைச் செருகித் திருகினால், வேலை மணிக்கட்டிலிருந்து தோளுக்கு மாறும். காமாட்சி அம்மன் கோயில் வாசலிலும் வரதராசர் கோயில் தெருவிலும் பூக் கட்டும் பெண்களுக்கும் இதே விதிதான்.

வீட்டில் பிள்ளையைத் தூக்கும்போது, கட்டைவிரலை விரித்து அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்க, அடியிலிருந்து அள்ளித் தூக்க வேண்டும். கனமான துணியைப் பிழியாமல் சொட்டவிட்டுக் காயப்போடலாம். கைபேசியில் கட்டைவிரலால் தட்டுவதையும் வலி உள்ள காலத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் நெசவாளர் ஒருவரால் மட்டும் முடிகிற காரியமல்ல. கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. தீபாவளிக்கும் தை மாத முகூர்த்தங்களுக்கும் முன்பு வேலை நெருக்கும்போது, "மூன்று வாரம் கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டு, மூன்று வாரக் கூலி இல்லை என்றுதான் அந்த வீட்டில் படிக்கப்படும். ஆகவே வலியை மறைக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், கடைசியில் கையே வசப்படாமல் போன பிறகு வருகிறார்கள். ஆறு வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டியது ஆறு மாதத்துக்கு நீளுகிறது.

காஞ்சிப் பட்டுக்கு 2005–06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையின் பெயரைப் போலியிலிருந்து காப்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. அதை நெய்யும் விரலைக் காப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, தீபாவளி நெருக்கடிக்கு முன்பே, எலும்பு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் தெருவுக்கே அழைத்துவந்து கைகளைப் பரிசோதிக்கச் செய்யலாம். கட்டைவிரல் பட்டைகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். கை நோகும் உறுப்பினருக்குச் சில வாரங்கள் விரல் நோகாத வேலையையோ, சிறு முன்பணத்தையோ தந்து ஓய்வை இயலக்கூடியதாக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. முடிவெடுக்கும் மனம்தான் வேண்டும்.

தறியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைச் சுளுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், அழுத்தி நீவாதீர்கள். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையை அணியுங்கள், மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள், தறியில் கை வைக்கும் முறையை மாற்றுங்கள். இந்த மூன்றையும் காலத்தில் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை.